திரையில் ரத்தம், இருக்கையில் மயக்கம்

கள்ளக்குறிச்சியில் ஒரு தியேட்டர். இரண்டாம் ஆட்டம், இடைவேளை முடிந்து இருபது நிமிஷம் இருக்கும். திரையில் ஒருவன் இன்னொருவனின் விரல்களை ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டிருந்தான். எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த இளைஞர் எழுந்தார். பாத்ரூம் போகிறார் என்று நினைத்தேன். நாலு எட்டு வைத்தவர் படிக்கட்டில் அப்படியே சரிந்தார்.

பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். தூக்கி நிமிர்த்தி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தலை தொங்கியது. கை கால் லேசாக வெட்டி இழுத்தது. "வலிப்பு, வலிப்பு" என்று ஒரு குரல். யாரோ பைக் சாவியைக் கைக்குள் திணித்தார். இன்னொருவர் வாயில் தண்ணீர் ஊற்றப் போனார். நல்லவேளை, படம் பார்க்க வந்த நர்ஸ் அம்மா ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "மொதல்ல கீழ படுக்க வைங்கப்பா" என்று அதட்டினார். படுக்க வைத்து, இரண்டு காலையும் இருக்கை மேல் தூக்கி வைத்தார். அரை நிமிஷத்தில் பையன் கண்ணைத் திறந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"ஒண்ணுமில்லக்கா. ரத்தம் பாத்தா எனக்கு இப்படித்தான் ஆவும்."

கல்வராயன்மலை அடிவாரத்துப் பையன். கரும்பு வெட்டப் போகிறவன். நாளெல்லாம் அரிவாள் பிடிக்கிற கை அது. கூட வந்த கூட்டாளிகளில் ஒருவன் அவன் விழுந்ததைச் செல்போனில் பிடித்து முடித்திருந்தான்.

கோழைத்தனமா இது?

இல்லை. இது நரம்பின் வேலை. பயம் வந்தால் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், ரத்த அழுத்தம் ஏறும் என்பது நமக்குத் தெரியும். மூளையில் அமிக்டலா என்ற சின்னப் பகுதி அபாய மணி அடிக்க, அட்ரினலின் பாய்கிறது. ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகிறது. திரையில் இருப்பது சாயம் என்று அறிவுக்குத் தெரியும். ஆனால் அது எடுத்துச் சொல்வதற்குள் உடம்பு புறப்பட்டுவிடுகிறது.

ரத்தத்தையும் காயத்தையும் கண்டால் மட்டும் சிலருக்குக் கதை வேறு மாதிரி போகிறது. முதலில் துடிப்பும் அழுத்தமும் ஏறும். பிறகு வேகஸ் என்ற நரம்பு தேவைக்கு மேல் பிரேக் போட, இரண்டும் மடமடவென்று இறங்கும். காலில் உள்ள ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்தம் கீழே தங்கிவிடும். மூளைக்குப் போவது குறையும். குப்பென்று வியர்வை, குமட்டல், காதில் ஒரு இரைச்சல், கண் இருட்டல், அப்புறம் தரை. நூறு பேரில் மூன்று நான்கு பேருக்கு ரத்தம், ஊசி, காயம் இவற்றின் மேல் இப்படி மிஞ்சிய அச்சம் இருக்கிறது. மற்ற பயங்களைவிட இது குடும்ப வழியாக வருவது அதிகம். அந்தப் பையனின் அப்பாவிடமும் கேட்டுப் பார்த்தால் ஊசி போடும்போது ஒருமுறையாவது சாய்ந்த கதை இருக்கலாம்.

கூட்டாளிகள் அவனை 'பொட்டை' என்றார்கள். அந்த ஒரு சொல்லில் எத்தனை பேரை அவமதிக்கிறோம் என்பது இருக்கட்டும், அதற்குப் பயந்துதான் அடுத்த முறையும் அவன் கண்ணை மூடாமல் பார்ப்பான். கண்ணை மூடிக்கொள்வதைவிட எளிய மருந்து இதற்கு இல்லை.

ரத்தம் உறையுமா?

'ரத்தத்தை உறைய வைக்கும் காட்சி' என்று போஸ்டரில் போடுகிறார்கள். நெதர்லாந்தில் லைடன் பல்கலைக்கழக மருத்துவமனைக்காரர்கள் இதை விளையாட்டாக விடாமல் சோதித்தே பார்த்தார்கள். 30 வயதுக்கு உட்பட்ட ஆரோக்கியமான 24 பேருக்கு 'இன்சிடியஸ்' என்ற பேய்ப் படத்தையும், ஷாம்பெயின் மது தயாரிப்பு பற்றிய சாதுவான ஆவணப்படம் ஒன்றையும் போட்டுக் காட்டி, முன்னும் பின்னும் ரத்தம் எடுத்தார்கள். பேய்ப் படம் பார்த்தபோது ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணி என்ற புரதம் கூடியது. ஆனால் கட்டி உருவாவதற்கான அடையாளம் எதுவும் இல்லை. 2015 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது அந்த ஆய்வு. காயம் படப்போகிறது என்று நம்பி உடம்பு முன்கூட்டியே தயாராக நிற்கிறது, அவ்வளவுதான்.

கவனியுங்கள், அது 30 வயதுக்கு உட்பட்டவர்களின் ரத்தம். 60 வயதுக்காரரின் இதயக்குழாய் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

திருவண்ணாமலையில் நடந்தது

பக்கத்து மாவட்டத்துச் சேதிதான். 2016 ஜூனில் திருவண்ணாமலை தியேட்டர் ஒன்றில் 'கான்ஜுரிங் 2' ஓடிக்கொண்டிருந்தது. உச்சக்கட்டக் காட்சி நெருங்கும்போது, ஆந்திராவிலிருந்து வந்திருந்த 65 வயதுக்காரர் ஒருவர் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி மயங்கினார். அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது இறந்துவிட்டார் என்றார்கள். பிரேதப் பரிசோதனைக்காக மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடலை ஆட்டோவில் அனுப்ப, உடலும் கூட வந்தவரும் அங்கே போய்ச் சேரவே இல்லை என்று செய்தி வந்தது. பேய்ப் படம் பார்க்கப் போனவரின் பிணம் மாயம் என்று தலைப்பிட்டுப் பத்திரிகைகள் கொண்டாடின. உலகமெங்கும் அந்தச் செய்தி சுற்றியது.

பரிசோதனை நடக்காதபோது, அவரைக் கொன்றது படமா, ஏற்கெனவே அடைத்திருந்த இதயக்குழாயா என்று யாரும் சொல்ல முடியாது. என் கணிப்பு, அவர் படம் பார்த்திருக்காவிட்டாலும் மலையேறும்போதோ குடும்பச் சண்டையிலோ அந்த வலி வந்திருக்கக்கூடும். 2010-ல் தைவானில் 'அவதார்' பார்த்த 42 வயதுக்காரர் மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தார். அவருக்கும் முன்பே ரத்தக்கொதிப்பு இருந்தது. 'அவதார்' பேய்ப் படம்கூட இல்லை. திடீர் அதிர்ச்சியில் இதயத்தின் கீழறை ஊதிப்போய் மாரடைப்பு போலவே காட்டும் தகோட்சுபோ என்றொரு நிலையும் உண்டு. ஜப்பானியர்கள் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயர் அது, இதயம் அந்த வடிவத்துக்கு வந்துவிடுமாம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அதிகம் வருகிறது. பெரும்பாலானோர் சிகிச்சையில் தேறிவிடுகிறார்கள்.

ஆகவே பிரஷர், சுகர் உள்ளவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், நெஞ்சுவலி வந்து போனவர்கள் பேய்ப் படத்துக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். மாத்திரையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சாப்பிடாமல் மூன்று மணி நேரம் உட்காராதீர்கள். நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மூச்சுத் திணறல் வந்தால் 'படம் பயமா இருக்கு, அதான்' என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கிளைமாக்ஸ்வரை காத்திருக்காதீர்கள். திருவண்ணாமலைச் செய்தியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவே.

கூத்தில் பார்த்த ரத்தம்

நம் பக்கத்துக்காரர்களுக்குக் கொடூரக் காட்சி புதிதா என்ன? திரௌபதி அம்மன் கோயில் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் ஊர் நடுவே மல்லாந்து கிடப்பான். தொடை பிளந்து, பாஞ்சாலி அந்தச் சிவப்பைக் கூந்தலில் தடவி முடிவாள். துகிலுரிதல் கூத்தில் துச்சாதனன் வேஷக்காரருக்கு ஆவேசம் ஏறும், நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். உளுந்தூர்பேட்டைக்கு அருகே கூவாகத்தில் சித்திரையில் அரவான் களபலி. முதல் நாள் அரவானை மணந்து தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள் மறுநாள் அதை அறுத்து, வெள்ளைப் புடவை கட்டி, ஒப்பாரி வைத்து அழுகிறார்கள்.

அங்கும் பார்க்கிறவர்கள் மயங்கி விழுகிறார்கள். சாமி வந்தது என்கிறோம். ஒரு வேப்பிலை, கொஞ்சம் விபூதி, ஒரு சொம்புத் தண்ணீர், மடியில் சாய்த்துக்கொள்ள ஒரு அத்தை. விழுந்தவரை யாரும் கேலி செய்வதில்லை. கதை எல்லோருக்கும் தெரியும், எங்கே பயம் வரும், எங்கே முடியும் என்பதும் தெரியும். முடிந்ததும் அழுதுவிட்டுக் குளித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். தியேட்டரில் இதில் பாதி உண்டு. கூட்டம் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, விளக்குப் போட்டதும் டீக்கடை இருக்கிறது. செல்போனில் இதில் எதுவுமே இல்லை.

மலைப் பேருந்தில்

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் இறங்கும் பேருந்தில் ஒருமுறை என் பக்கத்தில் ஒன்பது பத்து வயதுப் பையன். அக்காவின் போன் கையில். சிக்னல் விட்டுவிட்டு வருகிற இடம், அதனால் முன்பே இறக்கி வைத்த துண்டுக் காட்சிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். தலை வெட்டு, ரம்பம், கழுத்தில் கம்பி. எந்தப் படம் என்று கேட்டேன். தெரியவில்லை. யார் கெட்டவன் என்று கேட்டேன். அதுவும் தெரியவில்லை. "சும்மா வருது" என்றான். வளைவு திரும்பும்போது அவன் கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

தணிக்கை வாரியம் இப்போது யுஏ சான்றிதழையே 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. 'ஏ' படம் 18 வயதுக்கு மேல். 2024 டிசம்பரில் வெளியாகி, அடுத்த மாதம் தமிழ் பேசி வந்த மலையாளப் படம் 'மார்கோ'வுக்கு வன்முறை மிகுதி என்று 2025-ல் டிவி ஒளிபரப்பு அனுமதி மறுக்கப்பட்டது. நல்லது. ஆனால் துண்டுக் காட்சிக்குச் சான்றிதழ் ஏது? தியேட்டர் வாசலில் வயது கேட்கிறார்களோ இல்லையோ, பேருந்து சீட்டில் கேட்க யாருமில்லை.

ஏழெட்டு வயதுவரை குழந்தைக்கு நடிப்பும் நிஜமும் ஒன்றோடொன்று குழம்பும். 1992-ல் பிபிசி, 'கோஸ்ட்வாட்ச்' என்ற பேய் நாடகத்தை நேரடி ஒளிபரப்பு போல ஜோடித்துக் காட்டியது. அதைப் பார்த்த பத்து வயதுச் சிறுவர்கள் இருவருக்கு, விபத்தில் சிக்கியவர்களுக்கு வருவது போன்ற மன அதிர்ச்சி நோய் வந்ததை மருத்துவர்கள் 1994-ல் பதிவு செய்தார்கள். பெரியவர்களும் தப்பவில்லை. 'எக்சார்சிஸ்ட்' பார்த்தபின் தூக்கம் கெட்டுச் சிகிச்சைக்கு வந்த நால்வரைப் பற்றி 1975-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

நம் வீடுகளில் இதற்கு ஒரு பெயர் உண்டு: 'புள்ள பயந்துபோச்சு'. ராத்திரி வீரிட்டு எழுவது, தனியாகப் படுக்க மறுப்பது, விட்ட படுக்கை ஈரம் திரும்ப வருவது, சோறு இறங்காமை. மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். கட்டட்டும், அம்மாவின் மடியும் தாத்தாவின் விபூதிக் கையும் குழந்தைக்கு நல்லதுதான் செய்யும். ஆனால் "என்ன பார்த்தே?" என்று கேட்டு, அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொள்வதும் வேண்டும். 'ஆம்பளப் புள்ள பயப்படலாமா' என்றால் அத்தோடு அவன் சொல்வதை நிறுத்திவிடுவான். நாலு வாரம் தாண்டியும் குறையவில்லை என்றால் கயிற்றோடு நிற்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்பி வைப்பார்கள்.

ஏற்கெனவே பட்டவர்கள்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் அக்கம்பக்கத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. வீட்டு வாசலில் துடித்தவர்களைப் பார்த்த பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். விபத்தைப் பார்த்தவர்கள், அடி உதைக்கு நடுவே வளர்ந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திரையின் ஓலம் பழைய ஓலத்தை எழுப்பிவிடும். நடுவில் எழுந்து வெளியே போகிறவரைப் பார்த்துச் சிரிக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

விழுந்தால் என்ன செய்வது?

அந்த நர்ஸ் அம்மா செய்ததுதான். மல்லாக்கப் படுக்க வைத்து, காலை ஒரு முழம் உயர்த்தி, சட்டைக் காலரையும் பெல்ட்டையும் தளர்த்துங்கள். கூட்டத்தை விலக்குங்கள். நிமிர்த்தி உட்கார வைத்தால் மூளைக்கு ரத்தம் ஏறாது. அப்போது கை கால் வெட்டலாம், பார்ப்பவருக்கு வலிப்பு என்று தோன்றும். நிஜமான வலிப்பே ஆனாலும் சாவிக்கு அதை நிறுத்தும் சக்தி கிடையாது. முழு நினைவு வரும்வரை வாயில் தண்ணீர் வேண்டாம், புரையேறும். தெளிந்த பிறகும் பத்து நிமிஷம் கழித்து மெல்ல எழுப்புங்கள். இரண்டு நிமிஷத்தில் நினைவு திரும்பாவிட்டால், நெஞ்சு வலித்தால், விழுந்ததில் தலை அடிபட்டால், கர்ப்பிணியாக இருந்தால் 108-க்கு அழையுங்கள். மூச்சே இல்லையென்றால் 108-க்குச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை நடு மார்பில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். மலை கிராமங்களில் வண்டி ஏறி வர நேரமாகும், ஆகவே அங்கே இதைப் பத்துப் பேராவது கற்று வைத்திருக்க வேண்டும்.

ரத்தம் பார்த்தால் சாயும் உடம்புக்காரர்களுக்கு ஒரு பயிற்சி இருக்கிறது. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ் கோரன் ஓஸ்ட் வகுத்தது. கை, கால், வயிற்றுத் தசைகளை முகத்தில் சூடு ஏறும்வரை பத்துப் பதினைந்து நொடி இறுக்கிப் பிடித்து, பின் அரை நிமிஷம் தளர்த்த வேண்டும். இப்படி ஐந்து முறை. ரத்த அழுத்தம் விழாமல் தாங்கிக்கொள்ளும். ஊசி போடும்போதும் ரத்ததானத்தின்போதும்கூட உதவும். அந்தக் கரும்பு வெட்டும் பையனுக்கு நர்ஸ் அம்மா இதைத்தான் வாசலில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். எலுமிச்சை சோடாவைக் குடித்தபடி அவன் கையை மடக்கி மடக்கிப் பார்த்தான்.

பார்த்தது ராத்திரியில் விடாமல் திரும்பி வந்தால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.