மூளையின் மின்சாரமும் ஜெல்லி மீனின் ஒளியும்

திண்டிவனத்தை அடுத்த எங்கள் பெருமுக்கல்லில் ஒருவருக்கு வலிப்பு வந்தால், இன்றும் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். அதை இரும்பின் கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம். செய்ய வேண்டியது, அவரை ஒருக்களித்துப் படுக்கவைப்பதே. ஐந்து நிமிடங்களைத் தாண்டினால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மூளையின் நரம்பணுக்கள் கட்டுப்பாடின்றி ஒருசேர மின்துடிப்புகளை வெளியிடுவதே வலிப்பு. ஓய்விலுள்ள நரம்பணுவின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கும். துடிக்கும்போது ஓரிரு மில்லிவிநாடிகளுக்கு அது தலைகீழாகிறது. தலையில் மின்முனைகளை ஒட்டி எடுக்கும் இ.இ.ஜி., பல்லாயிரக்கணக்கான அணுக்களின் கூட்டிரைச்சலையே பதிவு செய்கிறது. நுண்ணிய கண்ணாடி ஊசியைச் செலுத்தினால் ஓர் அணுவின் குரல் கேட்கும். ஆனால், அருகிலுள்ளவை என்ன செய்கின்றன என்பது தெரியாது.

இந்த இடைவெளியை நிரப்ப வந்தவையே ஒளிரும் புரத உணரிகள். 2012-இல் வெளியான 'ஆர்க்லைட்' இரு கடலுயிர்களின் கொடை. நம் மீனவர்கள் 'சொறி' என ஒதுக்கும் ஜெல்லி மீனினத்தைச் சேர்ந்த ஓர் உயிரியிலிருந்து பச்சை ஒளிரும் புரதம். பாறைகளில் ஒட்டி வாழும் 'சயோனா'விலிருந்து மின்னழுத்தத்தை உணரும் புரதம். இரண்டையும் இணைத்த மரபணுவை நரம்பணுவில் செலுத்தினால், அணுவே அந்த உணரியை உற்பத்தி செய்து தன் சவ்வில் பதித்துக்கொள்கிறது. மின்னழுத்தம் மாறும்போது உணரும் பகுதி அசைகிறது, ஒளி மங்குகிறது. ஆம், இந்த உணரியில் அணு துடிப்பதன் அடையாளம் பிரகாசமல்ல, மங்கலே. அதைப் பிடிக்க விநாடிக்குப் பல நூறு படங்கள் எடுக்கும் கேமரா தேவை. மரபணுவைப் புகுத்த வேண்டியிருப்பதால், இப்போதைக்கு இது எலி, மீன், ஈ போன்ற ஆய்வக உயிர்களில்தான். எந்த அணுக்களில் வலிப்பு தொடங்குகிறது, ஒரு மருந்து எங்கே தடுக்கிறது என்பதை அவற்றில்தான் முதலில் காண முடியும். வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றிலொருவருக்கு இன்றைய மருந்துகள் போதிய பலன் தருவதில்லை.

பொருளாதாரம் கற்பித்த எனக்கு இதில் உறுத்துவது வேறொன்று. பச்சைப் புரதத்தின் மரபணுவை 1992-இல் பிரித்தெடுத்து வெளியிட்டவர் டக்ளஸ் பிரேஷர். நிதி கிடைக்காமல் ஆய்வைக் கைவிட்ட அவர், அம்மரபணுவைப் பிற விஞ்ஞானிகளுக்கு அனுப்பிவைத்தார். 2008-இல் அப்புரதத்துக்காக மூவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, கார் விற்பனை நிலையமொன்றில் வாடிக்கையாளர்களை ஏற்றிச்செல்லும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். ஜெல்லி மீன் ஏன் ஒளிர்கிறது என்ற கேள்விக்கு எந்த நிதிக்குழுவும் 'பயன்' என்ற கட்டத்தில் எதையும் எழுதியிருக்க முடியாது. அமெரிக்காவிலேயே இந்த நிலை. நாம் ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் செலவிடுவது, நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 0.64 விழுக்காடு.