வாடகைக் கொள்முதல்: முதல் கார் வாங்குமுன் புரிந்துகொள்ள வேண்டிய சொல்



எஸ்.பி.எம். முடித்து வேலைக்குப் போகும் நம் மாணவர்கள் சம்பளம் வர ஆரம்பித்ததும் கேட்பது, "டீச்சர், எந்தக் கார் வாங்கலாம்?" மாக் மண்டின், பிறை தொழிற்பேட்டைகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் பிள்ளைக்குக் கார் ஆடம்பரமல்ல. இரவு வேலை முடிந்து பஸ்ஸை நம்பி நிற்க முடியாது. ஆனால், கார் கடையில் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "மாசம் எவ்வளவு கட்டணும்?" அது மட்டும் போதாது. ஏன் என்பதைப் படிவம் 4, 5 மாணவர்களுக்கு இப்படி விளக்கலாம்.

சொல்லின் பொருள்

கார் கடனுக்குத் தமிழில் 'வாடகைக் கொள்முதல்' என்கிறோம். சொல்லைப் பிரித்துப் பாருங்கள். முதலில் வாடகை, பிறகுதான் கொள்முதல். கடைசித் தவணை கட்டும்வரை காரின் உடைமை வங்கியிடமே இருக்கும், நீங்கள் வாடகைதாரர். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், வங்கி எழுத்துவழி அறிவிப்பு கொடுத்து, 21 நாள் கழித்துக் காரை எடுத்துக்கொள்ளலாம். காரின் விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால், நீதிமன்ற ஆணை இல்லாமல் எடுக்க முடியாது.

தவணை குறைந்தால் செலவு குறையுமா?

பல ஆண்டுகளாக வாகனக் கடனுக்கு வழங்கி வந்தது நிலைவட்டி முறை. அதாவது, கடன் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முதல் தொகைக்கே கணக்கிடப்படும். 30,000 ரிங்கிட் கடன், 3.5 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்வோம்.

- 5 ஆண்டு: வட்டி 5,250 ரிங்கிட். மாதம் 587.50 ரிங்கிட்.
- 9 ஆண்டு: வட்டி 9,450 ரிங்கிட். மாதம் ஏறக்குறைய 365 ரிங்கிட்.

மாதம் 222 ரிங்கிட் மிச்சம் என்று மனசு சொல்லும். ஆனால் அதே காருக்கு 4,200 ரிங்கிட் கூடுதலாகக் கொடுக்கிறோம். குறைந்துவரும் கடன்மீது கணக்கிட்டால், 9 ஆண்டுக் கடனின் உண்மையான வட்டி 6 விழுக்காட்டைத் தாண்டும். ஆகவே எந்த முறையானாலும் "உண்மையான வட்டி விகிதம் எவ்வளவு? மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

9 ஆண்டுத் தவணை தப்பு என்பதல்ல. சம்பளம் குறைவு என்றால் சிலருக்கு வேறு வழியில்லை. அப்போது விலை குறைந்த காரைத் தேடுவதே நல்லது. பெரோடுவா 2023இல் கைமுறை கியர் கொண்ட அக்ஸியா ஈ காரை 22,000 ரிங்கிட்டுக்கு விற்பனைக்குக் கொண்டு வந்தது. ரேடியோகூட இல்லையே என்று நண்பர்கள் சிரிக்கலாம். தவணையை அவர்கள் கட்டப்போவதில்லையே!

தவணைக்கு வெளியே

பெட்ரோல், டோல், டயர், சர்வீஸ், காப்புறுதி, சாலை வரி என எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். தீபகற்பத்தில் 1,000 சிசி வரையிலான காருக்கு ஆண்டுச் சாலை வரி 20 ரிங்கிட். 1,500 சிசி காருக்கு 90 ரிங்கிட். காப்புறுதியில் இழப்பீடு கோராமல் ஓட்டினால் முதல் ஆண்டு முடிவில் 25 விழுக்காடு கழிவு கிடைக்கும். ஐந்தாம் ஆண்டு முடிவில் அது 55 விழுக்காடாக உயரும். புதிதாக வாங்குபவருக்கு இந்தக் கழிவு இல்லை என்பதால் முதல் ஆண்டுதான் கனமாக இருக்கும்.

பழைய கார் என்றால், பணம் கொடுக்குமுன் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போகட்டும். கம்பளத்துக்கு அடியில் துரு, சேற்று வாடை இருந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய காராக இருக்கலாம்.

மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று, 'சம்போங் பாயார்'. "லோன் வேணாம், பேர் மாத்த வேணாம், தவணையை மட்டும் நீ கட்டு" என்பார்கள். வங்கியின் சம்மதமின்றிக் காரைக் கைமாற்றுவது சட்டப்படி குற்றம். நீங்கள் ஒழுங்காகக் கட்டினாலும் கார் உங்களுடையதாகாது. நீங்கள் கட்டாவிட்டால் கடனும் சம்மனும் பெயர் உள்ளவர் தலையில்தான் விழும்.

இரண்டு, ஜாமீன். "சும்மா ஒரு கையெழுத்துதானே மாமா" என்று உறவுக்காரர் கேட்டால், அந்தக் கடன் முழுவதையும் நம்மால் கட்ட முடியுமா என்று முதலில் கணக்குப் போட வேண்டும். கார் அவர் வீட்டில் நிற்கும். வங்கியின் கடிதம் நம் வீட்டுக்கு வரும்.

மூன்று, வெற்றுப் படிவம். நிரப்பாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே கூடாது.

தவணை கட்டத் திணறும் பெற்றோர் யாராவது உங்களிடம் பேசினால், ஏகேபிகே அலுவலகத்துக்கு அனுப்புங்கள். 2006இல் பேங்க் நெகாரா அமைத்த இந்நிறுவனம் இலவசமாக ஆலோசனை தருகிறது. காரை இழந்த பிறகு போவதைவிட, முதல் தவணை தவறியதுமே போவது நல்லது.

வகுப்பு நடவடிக்கை

ஒரு கார் விளம்பரத்தைக் கொடுங்கள். முன்பணம், தவணைக்காலம், மொத்த வட்டி, மாதச் செலவு ஆகியவற்றை மாணவர்கள் குழுவாகக் கணக்கிடட்டும். பிறகு, 2,000 ரிங்கிட் சம்பளம் வாங்கும் அண்ணனுக்கு அந்தக் காரை வாங்கலாமா வேண்டாமா என்று காரணங்களுடன் ஓர் உறவுக் கடிதம் எழுதட்டும். கடிதத்தில் வாடகைக் கொள்முதல், உடைமை, ஜாமீன் ஆகிய மூன்று சொற்களும் பொருள் விளங்க வரவேண்டும்.