வெடித்த கூடு சொல்வதை நம்பலாமா?

மலேசியாவின் கூலிம், பாலிங் வட்டாரத்தில் செம்பனைக் கன்றுகளைக் காட்டுப்பன்றி கிளறிப்போட்டால் பேச்சு துப்பாக்கிக்கும் தோட்டா விலைக்கும் போய்விடும். வெடித்த தோட்டாக் கூட்டிலேயே மறுபடி மருந்து அடைத்துக்கொள்ளலாம், அழுத்தம் மிஞ்சினால் கூடே காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. ரைஃபிள் தோட்டாவில் மருந்துக்குத் தீமூட்டும் பிரைமரின் விளிம்பு தட்டையாகும், ஊசி குத்திய குழியைச் சுற்றி மேடு எழும்பும், போல்ட் இறுகிக்கொள்ளும். அறிகுறிகள் உண்மைதான், அளவுகோல்கள் அல்ல. பிரைமரின் கடினம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். துப்பாக்கி அறையில் கூடு தளர்வாக இருந்தாலும் பிரைமர் தட்டையாகலாம். .308 வின்செஸ்டருக்கு அமெரிக்கத் தர அமைப்பு வகுத்த உச்சம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அதைத் தாண்டியும் சில கூடுகள் ஒன்றும் நடக்காததுபோல் வெளியே வரும். அறிகுறி தெரிந்தால் எல்லை தாண்டியிருக்கலாம். தெரியாவிட்டால் பத்திரம் என்று பொருளில்லை.

அமெரிக்காவில் வீட்டிலேயே செய்கிறார்களே என்பார்கள். அங்கே ஆய்வுக்கூடத்தில் அழுத்தம் அளந்து அச்சிட்ட கையேடு கையில் இருக்கும். கூட்டைப் பார்ப்பது கடைசிக் காவல்தான். இங்கே தோட்டக்காரர் கையில் இருப்பது பெரும்பாலும் ஷாட்கன். 12 கேஜ் 2¾ அங்குலத் தோட்டாவின் உச்சம் 11,500 பவுண்டுதான். பித்தளையில் தடம் பதியும் அழுத்தம் வருவதற்கு வெகு முன்பே குழல் பிளந்துவிடலாம். தண்ணீர்க் குழாயில் செய்த நாட்டுத் துப்பாக்கியான பக்காக்கூக் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். துப்பாக்கி உரிமம் தோட்டா தயாரிக்கும் அனுமதி ஆகாது. உரிமமில்லாத துப்பாக்கிக்கு துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிய 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. பயிர் நஷ்டம் பொய்யல்ல. அதற்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் புகார் கொடுக்கலாம், 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்கீழ் வேட்டை உரிமம் கேட்கலாம். பழைய, சந்தேகமான தோட்டா வீட்டில் கிடந்தால் பிரித்துப் பார்க்காமல் போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும். கைதானாலும் உரிமை போய்விடாது: அரசியலமைப்பின் 5ஆம் பிரிவுப்படி காரணம் கேட்கலாம், வழக்கறிஞரை அழைக்கலாம், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத குடிமக்கள் தேசிய சட்ட உதவி அறநிறுவனத்தை நாடலாம். தோட்ட நிர்வாகம் காவலுக்கு அனுப்பிய தொழிலாளி காயப்பட்டால், துப்பாக்கி வெடித்ததை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவிடம் வேலை விபத்துக்கென வைக்கும் கோரிக்கை, அது வேலையில் நேர்ந்ததா என்பதைப் பொறுத்தே நிற்கும்.