அடுத்த சொத்தை யாருக்கு?

என் கிளினிக் நாற்காலியில் சாய்ந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பல்லு சொத்தை டாக்டரம்மா?" அதைச் சொல்ல ஒரு சின்னக் கண்ணாடியும் வெளிச்சமும் இருந்தாலே பெரும்பாலும் போதும். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. இன்று அடைத்து அனுப்பும் இதே வாயில், அடுத்த வருஷத்துக்குள் இன்னொரு பல்லில் சொத்தை விழுமா? அதைக் கணிக்கப் பல்லைப் பார்த்தால் மட்டும் பற்றாது, ஆளை உட்காரவைத்துப் பேச வேண்டும்.

எங்கள் தர்மபுரியில் தையல் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். இனிப்பே தொடமாட்டேன் என்று அடித்துச் சொன்னார். பொய்யில்லை, லட்டு, ஜாங்கிரி பக்கமே போகாதவர். ஆனால் கடைவாய்ப் பற்களின் இடுக்கில் வரிசையாகச் சொத்தை. "காலையில எழுந்ததிலிருந்து என்னென்ன சாப்பிடுறீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்கண்ணே" என்றேன். எழுந்ததும் ஒரு டீ. கடை திறந்ததும் ஒன்று. பதினொரு மணிக்கு ஒன்று. அளவு கொடுக்க வருகிறவர்களுக்கு வாங்கினால் கூடவே இவருக்கும் ஒன்று. தீபாவளி நெருக்கத்தில் ராத்திரி வேலைக்குத் தனிக் கணக்கு. எல்லாமே சர்க்கரை போட்டது. போதாததற்கு, தையல் மெஷின் ஓரத்தில் வைத்துக்கொண்டு ஒரு டம்ளரை அரைமணி நேரம் உறிஞ்சுகிறவர்.

சர்க்கரை வாய்க்குள் போன சில நிமிடங்களில், பல்லில் படிந்திருக்கும் பாக்டீரியாக்கள் அதை அமிலமாக மாற்றுகின்றன. பிஎச் அளவு ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அந்த அமிலத்தை முறிக்க அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அந்த அவகாசம் கிடைத்தால், கரைந்ததில் ஒரு பகுதி பல்லிலேயே திரும்பப் படிந்துவிடும். தையல்காரர் தன் வாய்க்கு அந்த அவகாசத்தைக் கொடுப்பதே இல்லை. எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் இங்கே பெரிய விஷயம்.

இந்தப் பாடம் வந்த வழி அவ்வளவு பெருமைக்குரியது அல்ல. 1940-களில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் இருந்த விப்பேஹோம் மருத்துவமனையில், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு, அவர்கள் சம்மதமே இல்லாமல், பல்லில் ஒட்டும் டாஃபியைக் கொடுத்துப் பரிசோதித்தார்கள். சாப்பாட்டோடு சேர்த்துச் சர்க்கரை தின்றவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை. இடைவேளைகளில் டாஃபி மென்றவர்களுக்குப் பற்கள் பாழாயின. இன்றைக்கு அப்படியொரு ஆய்வை எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. பிற்பாடு, 1990-களில், பக்கத்து ஊரான மால்மோவில் டக்ளஸ் பிரட்டால் என்ற பேராசிரியர் 'கேரியோகிராம்' என்ற கணினி நிரலை உருவாக்கினார். உணவு, பாக்டீரியா, உமிழ்நீர், ஃபுளோரைடு போன்ற விவரங்களைக் கொடுத்தால் ஒரு வட்டப்படம் வரும். அதில் பச்சைத் துண்டு எவ்வளவு பெரிதோ, புதுச் சொத்தையிலிருந்து தப்பிக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

கணினி இல்லாமலும் கணிக்கலாம். பழைய சொத்தைதான் புதிய சொத்தைக்கு முதல் சாட்சி. சமீபத்தில் அடைத்த பற்கள் நிறைய இருந்தால் நான் உஷாராகிவிடுவேன். அடுத்து, ஈறை ஒட்டிய இடத்தைக் காற்றடித்து உலர்த்திப் பார்ப்பேன். ஈரமாக இருக்கும்போது பளபளக்கும் பல், உலர்ந்ததும் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைத் திட்டைக் காட்டும். சொத்தையின் ஆரம்பம் அதுதான். ஆனால் அந்தக் கட்டத்தில் துளை போட வேண்டியதில்லை, ஃபுளோரைடு வார்னிஷ் பூசியே திருப்பிவிடலாம். எங்கள் மாவட்டத்தில் எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்றும் கேட்பேன். ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரால் பழுப்பேறிய பற்களைச் சொத்தை என்று நினைத்துப் பயந்து வருகிறவர்கள் இன்றும் உண்டு. கறை வேறு, சொத்தை வேறு.

பலரும் யோசிக்காத காரணம் உமிழ்நீர். எழுபதைத் தொட்ட ஒரு பாட்டிக்குத் திடீரென்று ஈறோரம் எல்லாம் சொத்தை. "சோறு இறங்க மாட்டேங்குது கண்ணு, வாய்க்கு வாய் தண்ணி வேணும்" என்றார். சுவையில்லாத மெழுகுத் துண்டு ஒன்றை மெல்லச் சொல்லி, ஊறுவதையெல்லாம் அளவுக் கோப்பையில் துப்பச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் 5 மில்லிக்குக் குறையாமல் சேர வேண்டும். பாட்டியின் கோப்பையில் அடிப்பகுதி நனைந்திருந்தது, அவ்வளவுதான். அரிப்புக்கும் தூக்கத்துக்கும் நெடுநாளாகச் சாப்பிட்டுவந்த மாத்திரைகள் வாயை வறட்டியிருந்தன. வறட்சிக்கு அவரே கண்டுபிடித்த வைத்தியம் கற்கண்டு! நாள் முழுக்க ஒரு துண்டு கன்னத்தில் ஒதுக்கியிருப்பார். ஈறு இறங்கி வெளியே தெரியும் வேருக்கு எனாமல் காப்பு கிடையாது. எனாமலைக் கரைக்க முடியாத லேசான அமிலத்திலேயே அது கரைந்துவிடும். மாத்திரை எழுதிய டாக்டரிடம் பேசி இரண்டை மாற்றச் சொன்னோம். கற்கண்டை நிறுத்தினார், கொஞ்சம் வருத்தத்தோடு.

தையல்காரரிடம் டீயை விடச் சொல்லவில்லை. சொன்னால் என்னை விட்டுவிடுவார். காலை டிபனோடு ஒன்று, மாலையில் ஒன்று, இவற்றுக்கு மட்டும் சர்க்கரை. மற்றதெல்லாம் சர்க்கரை இல்லாமல். ராத்திரி ஃபுளோரைடு பேஸ்ட்டில் துலக்கிவிட்டு, நுரையைத் துப்பிய பிறகு வாய் கொப்பளிக்காமல் படுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்னிடம் வர வேண்டும். அவர் மனைவிக்குச் சொத்தையே இல்லை, அவர் வருஷம் ஒருமுறை வந்தால் போதும். எல்லோருக்கும் ஆறு மாதம் என்பது பழைய வழக்கம். பிரிட்டனில் 2004-லேயே, ஆளின் ஆபத்தைப் பொறுத்து 3 மாதம் முதல் 2 வருஷம் வரை இடைவெளி வைக்கலாம் என்று பெரியவர்களுக்கு வழிகாட்டுதல் வந்துவிட்டது.

அடுத்த முறை பல் டாக்டரிடம் போகும்போது, நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துப் போங்கள். அவர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.