இரத்த சோகை: மாத்திரையும் கீரையும் ஒரு தேசிக்காயும்

மலையேறும்போது மூச்சு வாங்குகிறது. கொழுந்து நிறுக்கும் வேளையில் கண் இருட்டுகிறது. நாளுக்குரிய கிலோ வராததால் அரைப்பேர் விழுகிறது. "உடம்பு வளையாதவள்" என்கிறார் கங்காணி. வீட்டிலே மாமியாரும் அதையே சொல்கிறார். பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பகுதிகளில் லயம் லயமாகச் செல்லும் நாம் இந்தப் பழிச்சொல்லை அடிக்கடி கேட்கிறோம். பல வேளைகளில் அது சோம்பல் அல்ல, இரத்த சோகை.

இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் உடலெங்கும் ஒட்சிசனைக் கொண்டு செல்கிறது. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் அது பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு ஏறத்தாழ 11 கிராமுக்கும் குறையக்கூடாது. குறைந்தால் பிரசவத்தின்போது ஏற்படும் இரத்தப்போக்கைத் தாய் தாங்கமாட்டாள். பிள்ளையும் எடை குறைந்து பிறக்கலாம்.

தோட்டங்களுக்கு இது புதிய நோயல்ல. 1916இலேயே ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியுடன் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது. வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும் அப்புழு, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. ஆகவே மலசலகூடம், செருப்பு, பூச்சிமருந்து ஆகிய மூன்றும் இன்றும் தேவை.

எனினும் பெருங்காரணம் சாப்பாட்டுத் தட்டில் உள்ளது. கோதுமை மா ரொட்டி, கொஞ்சம் சம்பல், கையோடு சாயத்தண்ணீர். தேயிலையிலுள்ள துவர்ப்புச் சத்து, மரக்கறி உணவிலுள்ள இரும்புச் சத்தில் பாதிக்கு மேல் உடலில் சேரவிடாமல் தடுத்துவிடும். எமது மக்கள் பறிக்கும் இலையே அவர்களது இரத்தத்தைக் குறைக்கிறது! போதாததற்கு, கணவனும் பிள்ளைகளும் உண்டபின் சட்டியில் மிஞ்சுவதே தாய்க்கு.

நாம் சந்தித்த தாய் ஒருவர், கிளினிக்கில் கொடுத்த மாத்திரைகளைக் கூரை இடுக்கில் சேர்த்து வைத்திருந்தார். "வயிற்றைப் புரட்டுது சுவாமி, வெளிக்குப் போனா கறுப்பா போகுது, பிள்ளைக்கு ஆகாதோன்னு பயம்" என்றார். கறுப்பு, இரும்பின் நிறமே, அதனால் கெடுதியில்லை. புரட்டல் இருந்தால் இரவு படுக்கப் போகுமுன் போடலாம். இதை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டில் செய்யக் கூடியவை:

1. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீரைத் தவிர்க்கவும். இரும்பு மாத்திரையைத் தேநீருடன் விழுங்கவே கூடாது.

2. கல்சியம் மாத்திரையை வேறு வேளையில் போடவும். இரண்டும் சேர்ந்தால் இரும்பு வீணாகும்.

3. பொன்னாங்காணி, வல்லாரை, அகத்தி, தண்டுக்கீரை ஆகியன லயத்தோரத்திலேயே வளரும். கீரையின் இரும்பு இலகுவில் உடலில் சேராது. ஆகவே தேசிக்காய் பிழிந்து, ஒரு பிடி நெத்தலியும் சேர்த்துச் சமைக்கவும். கொய்யா, நெல்லியும் உதவும்.

4. பருப்பு, பயறு, கௌபி இவற்றில் ஒன்றாவது நாளாந்தம் இருக்கட்டும்.

5. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கிடைக்கும் திரிபோஷாவை அவர்களே உண்ணட்டும். வீடு முழுவதும் பகிர்ந்தால் எவருக்கும் பயனில்லை.

சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தம் ஊறச் செய்யும் என எண்ணிப் பீட்றூட்டையும், விலையுயர்ந்த ரொனிக் போத்தல்களையும் நம்புகிறவர்கள் உண்டு. இலவச மாத்திரையும் கீரையும் அவற்றினும் மேல். ஆனால் சோகை முற்றியபின் உணவு மட்டும் போதாது, மாத்திரை அவசியம். ஒழுங்காகப் போட்டும் ஒரு மாதத்தில் இரத்தம் ஏறாவிட்டால், தலசீமியா போன்ற வேறு காரணமும் இருக்கலாம். வைத்தியரைக் காண்பதே சரி.

கீரை வளர்க்க லயத்தைச் சுற்றி ஒரு துண்டு நிலம் வேண்டும். அதை நிர்வாகத்திடம் கேட்பது மாதர் சங்கங்களின் உரிமை. துணைநிற்பது எமது கடமை. தவக்காலத்தில் ஒருசந்தி பிடிக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒன்று சொல்வோம்: திருச்சபை உங்களிடம் அதைக் கேட்கவில்லை.

யாயீரின் மகளை உயிர்ப்பித்த ஆண்டவர், அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி பெற்றோரிடம் சொன்னதை மார்க்கு நற்செய்தியில் காண்கிறோம். இன்றிரவு எம் வீடுகளில் முதல் தட்டு தாய்க்கு வைக்கப்படட்டும்.