உங்களுக்குத் தெரியுமா? முதுமையில், நோயில், விடைபெறும் வேளையில் நம் வீட்டுப் பூனை

முன்பெல்லாம் பூனை திண்ணையில் வந்து படுக்கும், மீன் கழுவும் நேரம் பார்த்துக் கொல்லைப்புறம் வரும், வயதானால் எங்கோ போய்விடும். இன்று தடுப்பூசி போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வளர்ந்து 15 வயதைத் தாண்டுகிறது. அதன் முதுமையையும் தீராத நோயையும் கடைசி நாளையும் நாம் கண்ணெதிரே பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த நாட்களில் அதற்காகப் பேச நம்மை விட்டால் ஆளில்லை. அப்போது கைகொடுக்கும் செய்திகள் சில இங்கே.

★ பத்து வயது தாண்டினாலே பூனைக்கு முதுமைக் கணக்கு தொடங்கிவிடுகிறது. 15 வயதுப் பூனை மனிதக் கணக்கில் ஏறத்தாழ 76 வயதுக்காரர். கின்னஸ் பதிவின்படி மிக அதிக காலம் வாழ்ந்த பூனை, அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரின் ‘கிரீம் பஃப்’. 1967 ஆகஸ்ட் 3-இல் பிறந்து 2005 ஆகஸ்ட் 6 வரை, 38 ஆண்டுகளும் 3 நாட்களும் வாழ்ந்தது. பத்தைத் தாண்டிய பூனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டி எடை, இரத்தம், சிறுநீர், இரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள்.

★ பூனை வலியை மறைக்கும். காட்டில் அது வேட்டையாடும் விலங்கு மட்டுமல்ல, தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையும்கூட. தளர்ச்சியைக் காட்டினால் உயிர் தங்காது. வீட்டுக்கு வந்த பின்னும் அந்தக் குணம் போகவில்லை. எனவே, அது எதையெல்லாம் விட்டுவிட்டது என்று கவனியுங்கள். ஜன்னல் திட்டில் ஏறுவதில்லையா? முதுகை நக்கிச் சுத்தம் செய்யாமல் ரோமம் சிக்குப் பிடித்திருக்கிறதா? 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து 2002-இல் வெளியான ஆய்வில், 90 சதவீதப் பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானத்தின் அடையாளம் இருந்தது. “வயசாகிவிட்டது, அதனால் படுத்தே கிடக்கிறது” என்று நாம் சொல்வதில் பாதி, வலியாக இருக்கலாம்.

★ பூனையின் முகத்தைப் பார்த்து வலியை அளக்க ஓர் அளவுகோல் இருக்கிறது. கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்டது. காது பக்கவாட்டில் திரும்பித் தட்டையாகிறதா, கண் இடுங்குகிறதா, மூக்கும் வாயும் இறுகுகின்றனவா, மீசை விறைத்து முன்னே நீட்டுகிறதா, தலை தோளுக்குக் கீழே தாழ்கிறதா? இந்த ஐந்துக்கும் தலா 0, 1 அல்லது 2 மதிப்பெண். மொத்தம் 10-க்கு 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வலி நிவாரணம் தேவைப்படலாம். தூங்கும்போதோ சாப்பிடும்போதோ அல்லாமல், விழித்து அமைதியாக இருக்கும்போது பாருங்கள். நல்ல நாளில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் ஒப்பிட உதவும்.

★ ‘குர்ர்’ என்று ஒலியெழுப்பினால் சந்தோஷம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கடும் வலியிலும், பிரசவத்திலும், சாகும் தறுவாயிலும்கூடப் பூனை இப்படி ஒலியெழுப்பும். மடியில் ‘குர்ர்’ என்றபடி படுத்திருக்கும் நோயாளிப் பூனை அந்த நேரத்தில் உங்கள் அருகாமையைத் தேடுகிறது என்பது உண்மைதான். அதை வைத்து வலியில்லை என்று முடிவுகட்டிவிட முடியாது.

★ முதிய பூனைகளை அதிகம் வாட்டுவது சிறுநீரகம். பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை, வறண்ட நிலத்தில் வாழ்ந்தது. குறைந்த நீரைக் குடித்து, சிறுநீரை நன்றாகக் கெட்டியாக்கி வெளியேற்றும் உடம்பு அது. சிறுநீரகம் நலியும்போது முதலில் போவது இந்தத் திறமை. தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகும், பூனை சிறுநீர் கழிக்கும் லிட்டர் பெட்டி அதிகம் நனையும். இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் உயர்ந்து தெரியும் நேரத்துக்குள் சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால் பங்கு போயிருக்கும். கிண்ணம் காலியாகும் வேகத்தைக் கவனிப்பவருக்கு நோய் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

★ சிறுநீரக நோயாளிப் பூனைக்கு வீட்டிலேயே தோலடியில் சலைன் ஏற்றலாம். டாக்டர் ஒருமுறை செய்து காட்டினால் பெரும்பாலோர் கற்றுக்கொள்கிறார்கள். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்து, கையில் ஒரு சொட்டு விட்டுச் சூட்டைப் பார்த்து, ஜன்னல் கம்பியில் மாட்டுங்கள். பூனையை மடியில் துண்டின் மேல் உட்காரவைத்து, இரு தோள்களுக்கும் நடுவே தளர்வான தோலைக் கூடாரமாக உயர்த்தினால் ஊசி நுழைய இடம் கிடைக்கும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். ஏற்றிய இடம் ஒட்டகத் திமிலாகப் புடைத்துக்கொள்ளும். பயப்பட வேண்டாம், அது மெல்லச் சரிந்து, சில மணி நேரத்தில் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதய நோய் உள்ள பூனைக்குக் கூடுதல் நீர் உயிருக்கே ஆபத்து.

★ பூனைக்குப் பட்டினி ஆகாது. சில நாட்கள் சாப்பிடாமல் இருந்தாலே, குறிப்பாகக் குண்டான பூனைக்கு, உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்க் குவிந்து தனி நோயாகிவிடும். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது, பசியைக் கிளப்புவது வாசனைதான். உணவை உடம்புச் சூட்டுக்கு இளஞ்சூடாக்கித் தட்டையான தட்டில் வையுங்கள். சிறுநீரக நோய்க்குப் பாஸ்பரஸ் குறைந்த தனி உணவு நல்லது, உப்புக் கருவாடு நல்லதல்ல. ஆனால் தனி உணவைத் தொடவே மாட்டேன் என்றால், பிடித்ததைக் கொஞ்சம் தின்பது பட்டினியைவிட மேல்.

★ நம் மருந்துப் பெட்டி பூனைக்கு நஞ்சு. பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் சரியாக வேலை செய்வதில்லை. நாம் தலைவலிக்கு விழுங்கும் ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பூனையைக் கொன்றுவிடக்கூடும். இப்யூபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலிக்கிற காலில் தைலம் தடவாதீர்கள், நக்கி விழுங்கிவிடும். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்புச் சோறு இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பூனைக்கென்று வலி மருந்துகள் இருக்கின்றன. கேட்டு வாங்குங்கள்.

★ நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போகிறதா? தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்யலாம். பூனைகளில் இந்த நோய் 1979-இல்தான் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இன்று முதிய பூனைகளில் சர்வசாதாரணம், மாத்திரையால் கட்டுப்படுத்தவும் முடியும். எல்லா மெலிவும் முடிவின் அடையாளம் அல்ல.

★ திடீரென்று சுவரில் முட்டுகிறது, கண்மணி விரிந்தே இருக்கிறது என்றால் உயர் இரத்த அழுத்தத்தால் விழித்திரை பிரிந்திருக்கலாம். அன்றே போனால் பார்வை கொஞ்சமாவது திரும்ப வாய்ப்புண்டு.

★ தூங்கும் பூனையின் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்குக் கீழே இருந்தால் இயல்பு. தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, பின்னங்கால்கள் திடீரென விழுந்து சில்லிட்டுப் போய் அலறினாலோ, விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

★ நள்ளிரவில் காரணமின்றிக் கத்துகிறது, பழகிய அறையிலேயே வழி தெரியாமல் நிற்கிறது என்றால், பூனைக்கும் மறதி நோய் உண்டு. ஆனால் காது மந்தம், தைராய்டு, இரத்த அழுத்தம், மூட்டுவலி எல்லாமே இப்படிக் கத்தவைக்கும். முதலில் அவற்றைப் பாருங்கள். இரவில் ஒரு சிறு விளக்கும், தாழ்வான விளிம்புள்ள லிட்டர் பெட்டியும் நிறைய உதவும்.

★ நோயின் பெயர் உறுதியாகும் முன்னால் முடிவெடுக்காதீர்கள். எஃப்.ஐ.பி. எனும் கொரோனா வகைக் கிருமி நோய் பெரும்பாலும் இளம் பூனைகளைத் தாக்குவது, முதியவற்றுக்கும் வருவதுண்டு. வந்தால் சாவு நிச்சயம் என்றிருந்தது. கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு ஜி.எஸ்.-441524 என்ற மருந்தால் பூனைகள் பிழைப்பதை 2019-இல் காட்டியது. 84 நாள் சிகிச்சையில் இன்று பெரும்பாலானவை பிழைக்கின்றன. நேற்றைய ‘தீராது’ இன்றும் அப்படியே இருக்க வேண்டியதில்லை.

★ செலவு பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டாம். “என்னால் இவ்வளவுதான் முடியும், இதற்குள் அதன் வலியைக் குறைக்க என்ன செய்யலாம்?” என்று நேராகக் கேளுங்கள். குணப்படுத்துவதற்கும் உயிரை விடுவிப்பதற்கும் நடுவே, வலியையும் குமட்டலையும் மட்டும் தணிக்கும் ஆறுதல் சிகிச்சை என்ற வழி உண்டு. சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன.

★ “போதுமா, இன்னும் பார்க்கலாமா?” என்ற கேள்விக்கு உதவ ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் வகுத்தது. வலி (சிரமமில்லாத மூச்சும் இதில் அடங்கும்), பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழுக்கும், நிலை நன்றாக இருக்க இருக்க அதிகமாக, தலா 10 வரை மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் கவனிப்பைத் தொடரலாம் என்பது அவர் வகுத்த எல்லை. வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். தினமும் அருகில் இருப்பவர் கண்ணுக்குப் படாத சரிவு, வாரம் ஒருமுறை பார்க்கும் அண்ணனுக்குத் தெரிந்துவிடும். கூடவே, அதற்கு மிகப் பிடித்த மூன்றை எழுதி வையுங்கள்: காலை வெயிலில் படுப்பது, மீன் வாசனைக்கு ஓடி வருவது, வாசலில் உங்களுக்காகக் காத்திருப்பது. மூன்றில் இரண்டு நின்றுபோனால் டாக்டரிடம் மனம்விட்டுப் பேச வேண்டிய நேரம் அது.

★ “தானாகவே போகட்டும், நாம் ஏன் பாவத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும்?” என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தயக்கம் பாசத்தில் பிறந்தது. ஆனால் முற்றிய சிறுநீரக நோயில் வாயெல்லாம் புண்ணாகும், ஓயாமல் குமட்டும், வலிப்பும் வரலாம். இது நாள்கணக்கில் நீளும். அதைத் தணிக்க மருந்தும் கைவிட்ட பிறகு, ஒரு மருத்துவரின் கையால் வலியில்லாமல் விடுவிப்பது நாம் செய்துவந்த கவனிப்பின் கடைசிப் பகுதி. அதில் பாவம் இல்லை.

★ எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். முதலில் அமைதிப்படுத்தும் ஊசி. பத்து நிமிடத்தில் பூனை உங்கள் மடியிலேயே ஆழ்ந்து மயங்கும். பிறகு இரத்தக் குழாயில் மயக்க மருந்தை மிகை அளவில் செலுத்துவார்கள். முதலில் நினைவு போகும், அடுத்து மூச்சு, பிறகு இதயம். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்து, டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்து உறுதிசெய்வார். கண்கள் மூடாது. தசை துடிக்கலாம், நின்ற மூச்சு ஒருமுறை இழுக்கலாம், சிறுநீர் பிரியலாம். இவை எதுவும் வலி அல்ல, நினைவு அதற்கு முன்பே போய்விட்டது. மயக்கம் தராமல் நேராக ஊசி போடுவதாகச் சொன்னால், முதலில் மயக்கம் கொடுக்கும்படி கேட்பது உங்கள் உரிமை. விலங்கைத் தேவையற்ற கொடூர முறையில் கொல்வது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

★ உயிரை விடுவிக்கச் செலுத்திய அந்த மருந்து இறந்த உடம்பில் தங்கிவிடும். தோண்டித் தின்னும் நாய்க்கும், கொத்தும் காக்கைக்கும் கழுகுக்கும் அது நஞ்சு. கொல்லையில் புதைப்பதென்றால் மூன்றடிக்குக் குறையாமல் தோண்டி, கிணற்றிலிருந்து தள்ளிப் புதையுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் உள்ளூராட்சியிடமோ விலங்குநல அமைப்பிடமோ முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

★ பூனைக்காக அழுவது நேற்று வந்த பழக்கம் அல்ல. வீட்டுப் பூனை இறந்தால் எகிப்தியர்கள் புருவத்தை மழித்துக்கொண்டார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே ஒரு பூனையையும் புதைத்திருந்ததை 2004-இல் அறிவித்தார்கள். ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சொசெகி, 1908-இல் தன் பூனை இறந்தபோது நண்பர்களுக்கு மரண அறிவிப்பு அனுப்பினார். “பூனைக்குப் போய் இவ்வளவா?” என்று கேட்பவர்களுக்கு இது போதும்.

★ வீட்டில் குழந்தைகள் இருந்தால் நடந்ததை நேராகச் சொல்லுங்கள். தூங்குகிறது என்றோ எங்கோ போயிருக்கிறது என்றோ சொன்னால் பிள்ளை தூங்கப் பயப்படும், அல்லது வாசலில் காத்திருக்கும். கூட வளர்ந்த இன்னொரு பூனை சில நாள் தேடித் திரியலாம், குறைவாகச் சாப்பிடலாம். அதன் சாப்பாட்டு நேரத்தையும் படுக்கும் இடத்தையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

★ நோயின் பெயர் தெரிந்த அன்றே டாக்டரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். இது எப்படி முற்றும்? எந்த அறிகுறி வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது? அது இரவில் வந்தால் யாரைக் கூப்பிடுவது? பதில்களைத் தொலைபேசி எண்ணோடு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். யார் கூட இருப்பது, எங்கே புதைப்பது என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள். நெருக்கடி வரும்போது கை நடுங்கும், மூளை ஓடாது. யோசிக்க வேண்டியதை முன்பே யோசித்து வைத்தவர், அந்த நேரம் முழுவதையும் பூனையின் தலையைத் தடவிக் கொடுப்பதில் செலவிட முடியும்.