புல் பூக்கும் மூன்று மாதங்கள்

2016 நவம்பர் 21, திங்கட்கிழமை. மெல்பனில் அன்று 35 பாகை வெயில். மாலை ஆறு மணி வாக்கில் இடியும் பலத்த காற்றுமாக ஒரு மழைக்கூட்டம் மேற்கிலிருந்து வந்து நகரைக் கடந்தது. வெக்கை தணிந்ததே என்று சன்னலைத் திறந்து வைத்தவர்கள், முற்றத்தில் இறங்கி நின்றவர்கள் எனப் பலர் அன்றிரவு மூச்சுக்குத் தவித்தார்கள். அடுத்த 30 மணி நேரத்தில் மூச்சுக் கோளாறோடு அவசரப் பிரிவுகளுக்கு வந்தவர்கள் வழக்கத்தைவிட 3,000 பேருக்கும் அதிகம். 10 பேர் இறந்துபோனார்கள்.

இடிமழை ஆஸ்துமா எனப்படும் இந்த நிகழ்வைப் பிறகு ஆராய்ந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஹே ஃபீவர் எனப்படும் மகரந்த ஒவ்வாமை இருந்தது. ஆனால், பலருக்கு அதுவரை ஆஸ்துமாவே கிடையாது. இன்னொன்று நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது: இந்திய, இலங்கைப் பின்னணி கொண்டவர்கள் அந்நகர மக்கள்தொகையில் தமக்குள்ள பங்கைவிட மிகக் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள்.

காரணம் ரை புல். மெல்பனின் வடக்கிலும் மேற்கிலும் பரந்து கிடக்கும் மேய்ச்சல் நிலங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது பூக்கும். அதன் மகரந்தத் தூள் சற்றுப் பெரியது, மூக்கிலேயே சிக்கிக்கொள்ளும். அதனால்தான் தும்மல், நீராக ஒழுகும் மூக்கு, கண் அரிப்பு. இடிமழையின்போதோ அந்தத் தூள் ஈரத்தில் ஊறி வெடித்து, நூற்றுக்கணக்கான நுண்துகள்களாகச் சிதறுகிறது. மழைக்கு முன்னே வீசும் காற்று அவற்றைத் தரைமட்டத்துக்கு அள்ளிக்கொண்டு வருகிறது. மூக்கின் காவலைத் தாண்டி அவை நேரே நுரையீரலுக்குள் இறங்கிவிடுகின்றன.

ஆகவே, மூக்கைப் பற்றி முறையிட வந்தவரிடம் நெஞ்சைப் பற்றிக் கேட்பதுதான் செவிலியரின் முதல் வேலை. இரவில் இருமி விழிக்கிறீர்களா? படி ஏறும்போது நெஞ்சு இறுகுகிறதா? மூச்சு விடும்போது விசில் போலச் சத்தம் வருகிறதா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் குடும்ப மருத்துவரைப் பார்த்து ஆஸ்துமா இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். ‘ஊரில் இருக்கும்போது எனக்கு இப்படி வந்ததே இல்லை’ என்பார்கள். உண்மைதான். புதிய புல்லுக்கு உடம்பு பகையாகச் சில வசந்தங்கள் பிடிக்கும். முதல் வருடம் ஒன்றும் செய்யவில்லை என்பதை வைத்து நான்காம் வருடத்தைக் கணிக்க முடியாது.

சளிக் காய்ச்சலிலிருந்து ஹே ஃபீவரைப் பிரித்தறிவது எளிது. சளி என்றால் உடம்பு வலிக்கும், காய்ச்சல் காயும், பத்து நாளில் அடங்கும். ஹே ஃபீவரில் காய்ச்சல் இருக்காது. கண்ணும் மூக்கும் அண்ணமும் அரிக்கும், அடுக்கடுக்காகத் தும்மல் வரும், வாரக்கணக்கில் நீடிக்கும்.

மருந்துகளில் முதலிடம் ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேக்கு. ஸ்டீராய்டு என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். இது மூக்கில் மட்டும் வேலை செய்யும் சிறிய அளவு. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம் என்பதால், புல் பூக்கும் முன்பே, செப்டம்பர் வாக்கிலேயே தொடங்கித் தினமும் அடிக்க வேண்டும். இரண்டு நாள் அடித்துவிட்டு ‘கேட்கவில்லை’ என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். அடிக்கும் விதத்திலும் தவறு நேர்கிறது. தலையை அண்ணாந்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். தலையைச் சற்றுக் குனிந்து, வலது துளைக்கு இடது கையாலும் இடது துளைக்கு வலது கையாலும், முனையை நடுத்தண்டை விட்டு வெளிப்பக்கமாகத் திருப்பி அடியுங்கள். பலமாக உறிஞ்ச வேண்டாம். நடுத்தண்டில் பட்டுக்கொண்டே இருந்தால் இரத்தம் கசியும்.

மாத்திரை வேண்டுமென்றால் லோரட்டடின், ஃபெக்சோஃபெனடின் போல அதிகம் தூக்கம் தராதவை மருந்துக்கடையிலேயே கிடைக்கின்றன. ஊரிலிருந்து பெட்டியில் வரும் அவில் வேறு வகை. அதைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டக்கூடாது. அடைப்பை நொடியில் திறக்கும் ஆக்சிமெட்டாசோலின் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், அந்த மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கும். எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, மருத்துவரைக் கேட்காமல் விழுங்கும் பெட்னெசால் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள்தான். ஸ்ப்ரேக்குப் பயந்து இதை விழுங்குவது என்ன கணக்கோ!

நொச்சி இலை ஆவி இதமாக இருக்கும், நோயைத் தடுக்காது. கொதிநீர்ப் பாத்திரத்தைக் குழந்தை அருகில் வைப்பதால் வரும் தீக்காயம் வேறு இருக்கிறது. உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்லது. ஆனால், குழாய்த் தண்ணீரை அப்படியே எடுக்காமல் கொதிக்க வைத்து ஆற்றியே எடுக்க வேண்டும். மகரந்தம் மிகுந்த நாளில் துணியை வெளியே காயப்போட வேண்டாம். வீடு திரும்பியதும் குளித்துவிடுங்கள்.

உங்களுக்குள்ள உரிமைகளும் உண்டு. மருத்துவரிடம் தமிழில் பேச வேண்டுமா? 131 450 என்ற எண்ணில் அரசின் மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது; மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும்படி மருத்துவமனையைக் கேட்கலாம். பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்கத் தேவையில்லை. இரவில் சந்தேகம் வந்தால் விக்டோரியாவில் 1300 60 60 24 என்ற எண்ணில் 24 மணி நேரமும் செவிலியரோடு பேசலாம். வெளிவேலை செய்பவர்கள், இடிமழை ஆஸ்துமா எச்சரிக்கை உள்ள நாளில் பாதுகாப்பு ஏற்பாடு கேட்பது சலுகை அல்ல. பாதுகாப்பான பணியிடத்தை இயன்றவரை உறுதிசெய்வது, 2004ஆம் ஆண்டு விக்டோரியச் சட்டப்படி முதலாளியின் கடமை. சிகிச்சையில் குறை இருந்தால் மாநிலச் சுகாதாரப் புகார் ஆணையரிடம் முறையிடலாம். ஆனால், ஆம்புலன்ஸ் இங்கே எல்லோருக்கும் இலவசமில்லை. உங்கள் காப்பீட்டில் அது அடங்குமா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

பருவம் முழுவதும் விக்எமர்ஜென்சி செயலியில் எச்சரிக்கை வருகிறது. எச்சரிக்கை நாளில் மழைக்கு முந்தைய காற்று எழும்போதே உள்ளே போய்ச் சன்னல்களைச் சாத்துங்கள். வென்டோலின் போன்ற நீல இன்ஹேலரை மருத்துவர் சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் வாங்கலாம். எங்கிருக்கிறது என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியட்டும். ஒருவருக்கு மூச்சு இறுகினால் நிமிர்ந்து உட்கார வையுங்கள். இன்ஹேலரை ஸ்பேசர் என்னும் குழல் வழியாக ஒன்றொன்றாக நான்கு முறை அடித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு இழுக்கச் சொல்லுங்கள். நான்கு நிமிடம் பொறுத்துப் பார்த்து, தேறாவிட்டால் மறுபடி நான்கு. அப்போதும் தேறாவிட்டால் 000. ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ காத்திருக்கவே வேண்டாம், முதலில் அழையுங்கள். ‘ஆம்புலன்ஸ்’, ‘தமிழ்’ என்ற இரண்டு சொற்களைச் சொல்லிவிட்டு, தொலைபேசியை வைக்காமல் இணைப்பிலேயே இருங்கள்.